தண்ணீரைவிட லேசானவள்

கந்தர்வக்கோட்டையில் தஞ்சாவூர் ரோட்டோரம் மிளகாய் நெடி மூக்கில் ஏறும் இடத்தில் வண்டியை நிறுத்தினால் போதும், பரிமளாவின் மாவு மில் எது என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. மெஷின் இரைச்சலுக்கு மேலே கேட்கும் குரல் அவளுடையது. நாற்பத்து மூன்று வயது. பிறந்ததும் வாக்கப்பட்டதும் ஒரே ஊர். புருஷன் பழனிச்சாமி கத்தாரில் டிரைவர். மாமனார் வைத்த மில்லை, அவர் காலத்துக்குப் பிறகு வீட்டு ஆண்கள் யாரும் வேண்டாம் என்று ஒதுங்கியபோது, இவள்தான் எடுத்து நடத்தினாள்.

பரிமளா குண்டு. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வது அவளுக்கே பிடிக்காது. ஊர்தான் அதற்கு எத்தனையோ வார்த்தை வைத்திருந்தது. "பூசினாப்புல", "நல்ல ஒடம்பு", "கொஞ்சம் கனம்". முதலில் பெண் பார்க்க வந்த கூட்டம் காபியைக் குடித்துவிட்டு, "பொண்ணு கனமா இருக்கு" என்று தரகரிடம் சொல்லி அனுப்பியது. ஷேர் ஆட்டோவில் ஏறினால், "அக்கா, நடுவுல வாங்க, வண்டி சாயுது" என்பான் டிரைவர். சின்ன வயதில் ஒருநாள், மற்ற பிள்ளைகள் மருதங்குளத்தில் குதித்து விளையாடுவதைப் பார்த்து இவளும் படியில் கால் வைத்தாள். "ஏய், நீ எறங்காத! தண்ணி கலுங்கு தாண்டிப் போயி வயலெல்லாம் முங்கிரும்!" என்று பெரியப்பா மகன்கள் கத்த, கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள்வரை சிரித்தார்கள். அன்றைக்குத் திரும்பி நடந்தவள், முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்தக் குளத்தில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை.

கடைசியில் அவளைத் தண்ணீருக்குத் தள்ளியது முட்டி வலி. நாள் முழுக்க மெஷின் முன்னால் நின்று நின்று, இரண்டு முட்டியும் வீங்கிப்போயின. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, பக்கத்து அறையில் இருந்த பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். அவள் பெயர் ஷர்லி. மீமிசல்காரி. அப்பா, அண்ணன் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். ஒல்லியான பெண், பரிமளாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள்.

"தண்ணிக்குள்ள நடந்தீங்கன்னா முட்டிக்குப் பாரமே தெரியாதுக்கா. கழுத்தளவு தண்ணியில தெனமும் அரை மணி நேரம். முடிஞ்சா நீச்சலும் பழகிக்கங்க."

பரிமளா சிரித்துவிட்டாள். "நல்லா சொன்ன போ. நான் எறங்கினா கல்லு மாதிரி அடிக்குப் போயிருவேன்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எடைதான் தெரியுதே."

"முங்கிப்போறது நீங்க நெனைக்கிற அளவுக்கு லேசு இல்லக்கா" என்றாள் ஷர்லி. மேலே விளக்க நேரமில்லை. அடுத்த ஆள் காத்திருந்தார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பரிமளா கறி அலசிக்கொண்டிருந்தாள். குண்டான் நிறையத் தண்ணீர் ஊற்றி, வாங்கி வந்த ஆட்டுக்கறியை அதில் கொட்டினாள். கொட்டினதும் சதையெல்லாம் அடியில் போய் உட்கார்ந்தது. எலும்பும் அப்படியே. வெள்ளை வெள்ளையாக இருந்த கொழுப்புத் துண்டுகள் மட்டும் மேலே வந்து சுற்றின. வருஷக்கணக்காகப் பார்த்துவருகிற காட்சிதான். அன்றைக்குத்தான் அவள் கை நின்றது. ஒரு கொழுப்புத் துண்டை விரலால் அமுக்கி அடிவரை கொண்டுபோய் விட்டாள். அது நேராக மேலே வந்தது. இன்னொரு தடவை அமுக்கினாள். மறுபடி வந்தது. இருந்ததிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து அமுக்கினாள். சின்னது எப்படி வந்ததோ அப்படியே அதுவும் வந்தது.

மில்லில் இது அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஒரே அளவு டின்னில் ஒருத்தி மல்லி கொண்டுவருவாள், ஒருத்தி உளுந்து கொண்டுவருவாள். மல்லி டின்னை ஒற்றைக் கையால் தூக்கி வைக்கலாம்; உளுந்து டின்னுக்கு இடுப்பு வளைய வேண்டும். எவ்வளவு பெரிசு என்பது வேறு, எவ்வளவு கனம் என்பது வேறு என்று அவள் கைக்கு எப்போதோ தெரியும். ஆனால் அதைத் தன் உடம்போடு சேர்த்து யோசிக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. ஊர் அவளை எடைபோட்டதே தவிர, எடையோடு கூட அவள் எவ்வளவு இடத்தை அடைக்கிறாள் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

கறிக் குண்டானை அப்படியே வைத்துவிட்டு ஷர்லிக்குப் போன் போட்டாள். "ஏன்டி, கொழுப்பு மெதக்கும்ல?"

"மெதக்கும்."

"அப்ப நான்?"

மறுமுனையில் ஷர்லி சிரித்தாள். "அதத்தானேக்கா அன்னைக்குச் சொல்ல வந்தேன்."

"வாயால சொன்னா எனக்குப் பத்தாது. அளந்து பாக்கணும். நீ சாயங்காலம் வா."

பரிமளாவின் வீட்டுக் கொல்லையில், போர்வெல் தண்ணீர் பிடிக்க ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி உண்டு. ஷர்லி வந்ததும் கொல்லைக் கதவைத் தாழ்போட்டார்கள். தொட்டியில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பி, தண்ணீர் நின்ற மட்டத்தில் ஷர்லி கரித்துண்டால் கோடு போட்டாள். பரிமளா நைட்டியோடு ஏணிப்பலகையில் ஏறித் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தாள். தலையும் உள்ளே போனால்தான் அளவு சரியாக வரும். மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு, தலையை உள்ளே விட்டாள்.

முங்க முடியவில்லை. இடுப்பு மேலே கிளம்பியது. முதுகு மேலே வந்தது. காலை ஊன்றிப் பார்த்தாள், கால் வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. "புள்ள, அமுக்குடி!" என்று தண்ணீரைத் துப்பிக்கொண்டே கத்தினாள். ஷர்லி இரண்டு கையாலும் தோளைப் பிடித்து அமுக்கிய பிறகுதான் தலை உள்ளே போனது. ஒரு கையால் அமுக்கிக்கொண்டே மறுகையால் அடுத்த கோட்டை இழுத்தாள் ஷர்லி. பரிமளா மேலே வந்தபோது இரண்டு பேரும் பேச முடியாமல் சிரித்தார்கள்.

அவள் வெளியே வந்ததும் தண்ணீரைக் கீழ்க்கோட்டுக்குச் சரிசெய்துவிட்டு, மேல்கோடு வரும்வரை பத்து லிட்டர் வாளியால் ஊற்றினார்கள். பத்து வாளி போனது. அதற்குமேல் ஒரு லிட்டர் சொம்பால் நாலு. தலையைத் துவட்டிக்கொண்டு பக்கத்து மில்லைத் திறந்து, நெல் மூட்டை எடைபோடும் தராசில் ஏறி நின்றாள். நூற்றியொரு கிலோ.

"எடை நூத்தி ஒண்ணு. எடம் நூத்தி நாலு" என்றாள் பரிமளா மெதுவாக.

"ஆமாக்கா. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ."

"அப்ப என் அளவுக்கு, என் உருவத்துக்கு ஒரு டின் அடிச்சு அதுல தண்ணி ஊத்தினா நூத்தி நாலு கிலோ நிக்கும். நான் நூத்தி ஒண்ணுதான் நிக்கிறேன்." தராசின் சிவப்பு எண்களை இன்னொரு தடவை பார்த்தாள். "நான் தண்ணியவிட லேசுடி."

சொல்லிவிட்டுத் தராசின் மேலேயே நின்று கொஞ்ச நேரம் அழுதாள். ஷர்லி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்ததும் பரிமளாவுக்கு வந்தது கோபம். "முப்பது வருசம்! ஒரு வாளிய எடுத்து அளந்து பாத்திருந்தா முடிஞ்சிருக்கும். முப்பது வருசம் நம்பிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன் பாரு, கிறுக்கச்சி!"

மருதங்குளத்தில் இரண்டு துறை. பெண்கள் துறையில் முழங்கால் அளவுதான் தண்ணீர், அடியில் சேறு. ஆண்கள் துறையில் கல் படி, ஆழம். காலையில் குளித்துவிட்டு ஆண்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு, பத்து மணிக்கு மேல் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பரிமளா சுடிதார் போட்டுக்கொண்டு அங்கே போனாள். ஷர்லி லீவு கிடைத்த நாளெல்லாம் கூட வந்தாள். முதல் நாட்களில் இடுப்பில் ஒரு நைலான் கயிறு கட்டி, மறுமுனையைப் படிக்கல் வளையத்தில் முடிந்துகொண்டார்கள்.

மிதக்கும் என்று கணக்கு சொன்னாலும் உடம்பு நம்பவில்லை. படுக்கச் சொன்னால் பரிமளா உட்காரப் பார்த்தாள். உட்காரப் பார்த்தால் இடுப்பு மடிந்து, முகம் தண்ணீருக்குள் போனது. பாசித் தண்ணீரைக் குடித்து இருமினாள். "தலையப் பின்னாடி விடுங்கக்கா. காது நனையட்டும். மூச்ச இழுத்து வச்சுக்கங்க, கொஞ்சம் கொஞ்சமா விடுங்க" என்று பிடரியின் கீழே கை வைத்துக்கொண்டு ஷர்லி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் அந்தக் குரல் தூரத்தில் கேட்டது. திரும்பிப் பார்க்க முடியவில்லை, காதில் தண்ணீர். கண்ணுக்கு மேலே வெயில் வெளுத்த வானம், அதில் ஒரு கொக்கு. கை எப்போது எடுக்கப்பட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூச்சை உள்ளே இழுத்தால் உடம்பு ஒரு விரல் அளவு மேலே வந்தது; விட்டால் தண்ணீர் உதட்டோரம்வரை ஏறி நின்றது. நெஞ்சுக்குள் இருக்கிற காற்றுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று அப்போது புரிந்தது. முட்டி வலிக்கவில்லை. முட்டி இருக்கிற ஞாபகமே இல்லை.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. மில்லைப் பன்னிரண்டு மணிக்குத்தான் திறந்தாள். கயிறு வேண்டாமென்று விட்டாள். கை காலை அடித்துக் கொஞ்ச தூரம் போகவும் வரவும் கற்றுக்கொண்டாள். ஆனால் அவளுக்குப் பிடித்தது மல்லாந்து சும்மா கிடப்பதுதான்.

ஐப்பசி மழை பெய்து குளம் நிறைந்திருந்த சமயம், யாரோ கரையிலிருந்து அதை வீடியோ எடுத்து ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டார்கள். கீழே 'யானைக் குளியல்' என்று ஒரு வரி. மதியத்துக்குள் நூறு சிரிப்புப் பொம்மைகள் விழுந்துவிட்டன. மில்லுக்கு வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் டின்னை வைத்துவிட்டுப் போனார்கள். பரிமளா மெஷினை நிறுத்தினாள். போனை வாய்க்குக் கிட்டே வைத்து அதே குரூப்பில் பேசிப் போட்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் மில்லுக்காரப் பரிமளா பேசுறேன். காலையிலேருந்து என் வீடியோவப் பாத்துச் சிரிக்கிறீங்க, சந்தோசம். அதுல ஒரு தகவல் விட்டுப்போச்சு, நானே சொல்லிர்றேன். என் எடை நூத்தி ஒரு கிலோ. மில்லுத் தராசுல நின்னு பாத்தது, தராசுக்குச் சர்க்கார் முத்திரை இருக்கு, சந்தேகம்னா வந்து பாருங்க. அந்த நூத்தி ஒரு கிலோவையும் குளம் தாங்குது. தாங்க முடியாம இருக்கிறது நீங்கதான். வீடியோ எடுத்தவரு யாருன்னு எனக்குத் தெரியாது. அடுத்த தடவ கிட்டத்துல வந்து, கை ஆடாம எடுங்க. நாளைக்கும் பத்தரைக்கு அங்கிட்டுத்தான் இருப்பேன்."

அதற்குக் கீழே யாரும் பொம்மை போடவில்லை.

சாயங்காலம் ரத்தினவேல் வந்தார். பழனிச்சாமியின் அண்ணன்; சிமெண்ட் கடை வைத்திருப்பவர், ஊர்க் கூட்டத்தில் முன்வரிசை ஆள். மில்லுக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"என்ன பரிமளா இதெல்லாம்?"

"எது மாமா?"

"ஆம்பளைத் துறையில போயி மல்லாந்து கெடக்குறது. பத்தாததுக்கு ஊருக்கே கேக்குற மாதிரி எடையப் பத்திப் பேச்சு. பொணந்தான் அப்புடி மெதக்கும். பொம்பளை மெதப்பாளா?"

"பொணம் குப்புறவும் மெதக்கும் மாமா. நான் மூச்சு விடணும்ல, அதான் மல்லாந்து கெடக்கேன்."

"எகத்தாளமா? நாளைக்கு முங்கிப்போயிட்டா தம்பிக்கு யாரு பதில் சொல்றது?"

"அது நடக்காது மாமா. அளந்து பாத்துட்டுத்தான் எறங்கினேன்."

"நாளையிலேருந்து போகாத" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார்.

பரிமளா போவதை நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை பழனிச்சாமிக்கு லீவு. வீடியோ காலில் வந்தான். முகம் வாடியிருந்தது.

"அண்ணன் போன் பண்ணுச்சு."

"தெரியும்."

"எதுக்குடி ஊரு வாயில விழுகுற?"

"விழுகல. தண்ணியில விழுந்தேன்."

அவன் பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். பிறகு, "இங்கயும் அந்த வீடியோ வந்துச்சு. ரூம்ல பாத்தாங்க" என்றான்.

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"நீ என்ன பண்ணுன?"

"வெளிய போயிட்டேன்."

பரிமளாவுக்கு ஊரே சிரித்தபோது வலிக்காதது அப்போது வலித்தது. போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ச் சொன்னாள்: "இனிமே வெளிய போகாத. என் பொண்டாட்டின்னு சொல்லிட்டு உக்காந்திரு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நிமிர்ந்தபோது வேறு ஒன்றைக் கேட்டான். "நெசமாவே கையக் கால ஆட்டாமயா மெதக்குற?"

"ஆட்டாம."

"எனக்கு அது வந்ததே இல்லடி. இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்குப் போவேன். ஆனா சும்மா கெடக்க வராது. காலு கீழ போயிரும்."

"நீ எலும்பும் தோலுமா இருக்க. எப்புடி மெதப்ப?" என்றாள். பழனிச்சாமி முதல் தடவையாகச் சிரித்தான்.

மறுநாள் அவள் துறைக்குப் போனபோது படியில் ரத்தினவேல் நின்றிருந்தார். கூட நாலைந்து ஆட்கள், அவருடைய மகன் ரகுநாத். ரகுநாத் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவன். தினமும் ஜிம்முக்குப் போய் உடம்பை முறுக்கி வைத்திருந்தான். செய்தி எப்படியோ பரவி, பெண்கள் துறையிலும் கூட்டம் கூடியிருந்தது.

"எறங்க வேணாம்" என்றார் ரத்தினவேல். "ஆபத்து. ஊருக்குத்தான் கெட்ட பேரு."

பரிமளா துண்டைப் படியில் வைத்தாள். "ஆபத்துன்னு சொல்றீங்கள்ல மாமா, அதையே பாத்திருவோம். நான் எறங்கிப் படுக்குறேன். ரகுநாத்தும் பக்கத்துல படுக்கட்டும். கை கால ஆட்டக் கூடாது. யாரு முங்குறாங்களோ அவங்க நாளையிலேருந்து இந்தத் துறைக்கு வர வேணாம்."

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். ரகுநாத் சிரித்தபடி சட்டையைக் கழற்றினான். "சித்தி, வேணாம் சித்தி, நான் நல்லா நீந்துவேன்."

"நீந்தச் சொல்லலய்யா. சும்மா கெடன்னுதான் சொல்றேன்."

இரண்டு பேரும் இறங்கினார்கள். பரிமளா மூச்சை இழுத்து, தலையைப் பின்னால் விட்டு, கையை விரித்துப் படுத்தாள். வயிறும் கால் விரல்களும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. ரகுநாத்தும் படுத்தான். முதலில் கால் இறங்கியது, தொடை இறங்கியது, பிறகு இடுப்பு. இறுகின சதையும் எலும்பும் தண்ணீரைவிடக் கனம். தாங்கிப் பிடிக்க அவனிடம் கொழுப்பு இல்லை. மூச்சை அடக்கி முகத்தை மட்டும் கொஞ்சம் மேலே வைத்திருந்தான். சிரிப்பு வந்து மூச்சை விட்டதும் மூக்குவரை தண்ணீர் ஏறியது. கையை அடித்துக்கொண்டு எழுந்து படியில் நின்றான். மறுபடி படுத்தான். மறுபடி கால் போனது. பெண்கள் துறையில் சிரிப்பு வெடித்தது.

"அப்பா, வரலப்பா எனக்கு" என்றான் ரகுநாத். அவன் முகத்தில் அவமானத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. "சித்தி, எப்புடி சித்தி?"

"போதும், மேல வாடா!" என்று சத்தம் போட்டுவிட்டு ரத்தினவேல் கரையேறிப் போனார்.

"மாமா சொன்னது எனக்கு ஆபத்துன்னுதான்" என்று பரிமளா படுத்தபடியே அவனிடம் சொன்னாள். "நீ வழக்கம்போல வந்து குளிய்யா. பந்தயமெல்லாம் ஒன்னைய வெரட்ட இல்ல."

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு நாள் கழித்துத் துறைப்படி முழுக்கக் கருவேல முள் வெட்டிப் போடப்பட்டிருந்தது. யார் போட்டது என்று இன்றுவரை தெரியாது. பரிமளா வீட்டுக்குத் திரும்பிப் போய்க் கவைக்கம்பு எடுத்துவந்து, ஒவ்வொரு கிளையாக இழுத்துக் கரையில் குவித்தாள். உள்ளங்கை கிழிந்தது. அந்தக் கையோடு தண்ணீரில் இறங்கி, எரிய எரியப் படுத்துக்கிடந்தாள். மறுநாள் முள் இல்லை. ரத்தினவேல் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். கல்யாணம் காதுகுத்து என்றாலும் அவள் இருக்கிற பக்கம் திரும்ப மாட்டார். அவர் மனைவி செங்கமலம் மட்டும் ஒருநாள் துறைக்கு வந்தாள். அவளும் கனத்த உடம்புக்காரிதான். முதல் படியில் உட்கார்ந்து, சேலையைக் கொஞ்சம் தூக்கி, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்தாள்.

"எறங்குங்கக்கா. நான் பிடிச்சுக்கிறேன்."

"இல்லடி. இது போதும் எனக்கு." பிறகு அவள் வரவில்லை. பரிமளாவும் வற்புறுத்தவில்லை.

வேறு மூன்று பெண்கள் வந்தார்கள். ஒருத்தி நன்றாக மிதந்தாள், ஒருத்திக்குக் கால் இறங்கிக்கொண்டே இருந்தது, ஒருத்தி பயந்து பாதியில் நின்றுவிட்டாள். பரிமளாவின் எடை மூன்று கிலோ குறைந்தது. "இன்னும் கொறைங்க" என்றார் டாக்டர். "கொறைஞ்சா மெதக்க வராதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அது முழு உண்மை இல்லை என்று அவளுக்கும் தெரியும். சொல்ல ஆசையாக இருந்தது, சொன்னாள். முட்டி முழுசாகக் குணமாகவில்லை. படி ஏறும்போது இப்போதும் வலிக்கும்.

சித்திரையில் குளம் வற்றிச் சேறாகிவிட்டது. ஷர்லி லீவு போட்டு அவளை மீமிசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடல் அங்கே அலை இல்லாமல் தட்டையாகக் கிடந்தது. கரையோரம் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பரிமளா யாரையும் பார்க்காமல் சுடிதாரோடு இறங்கினாள். மார்பளவு தண்ணீர் வர வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. அங்கே மல்லாந்து படுத்தவள் திடுக்கிட்டாள். குளத்தில் காது நனையும். இங்கே தோளே பாதி வெளியே நின்றது. கொஞ்சம் தண்ணீர் வாயில் பட, துப்பினாள்.

"உப்புக்கா! உப்புத் தண்ணி கனம், அதான் இன்னும் தூக்கிக் குடுக்குது!" என்று ஷர்லி தூரத்திலிருந்து கத்தினாள்.

கரையிலிருந்து ஒரு கிழவர் கையை வாயருகே குவித்துக் கூப்பிட்டார். "யம்மோவ்! ரொம்ப உள்ள போயிட்டீக! பயமா இல்லையா? கரைக்கு வாங்க!"

பரிமளா தலையைத் தூக்காமல் ஒரு கையை மட்டும் மேலே உயர்த்தி, மாட்டேன் என்று ஆட்டினாள்.